பனிக்குள் நடந்துபோன அண்ணாச்சி

அண்ணாச்சியைக் காணவில்லை என்பதை அவருடைய பையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து அதை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து வந்தவர். மூடுபனி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பை அவர் மனைவியின் தோளில் தொங்கியது.

"அண்ணாச்சி எங்கக்கா?" என்றேன்.

"இத வச்சிருன்னு குடுத்துட்டு முன்னால போனாவளே. உங்க கூட இல்லியா தம்பி?"

முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் இல்லை.

நாங்கள் நின்ற இடம் கல்வராயன் மலையில் ஒரு புல்மேடு. இடப்பக்கம் மரவள்ளிக் கொல்லை. வலப்பக்கம் புதர், புதரைத் தாண்டினால் பாறை, பாறையைத் தாண்டினால் அருவி விழும் பள்ளம். பனி இறங்குவதற்கு முன் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். மூணாறு பக்கம் தேயிலை மூட்டை ஏற்றினேன். அங்கேயே ஒரு மலை முகாமில் கூடாரம் அடிக்கவும் கயிறு கட்டவும் ஆட்களைப் பாறையில் ஏற்றி இறக்கவும் கற்றுக்கொண்டேன். நடுவில் ஊருக்குத் திரும்பியபோது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக, மண்ணையும் கரியையும் கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை வாரினேன். எதிலும் நிலைக்கவில்லை. இப்போது நெய்வேலிக்கு வெளியே என் சொந்த அக்கா வீட்டில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப் ஆட்களை வேனில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போகிறேன். நடக்க வைப்பேன், ஓடையில் குளிக்க வைப்பேன், ஆசைப்படுகிறவர்களைக் கயிற்றில் கட்டிச் சின்னப் பாறை ஒன்றில் ஏற்றுவேன், சோறு பொங்கிப் போடுவேன். சாயங்காலம் எல்லோரையும் அவரவர் பிளாக்கில் இறக்கிவிடுவேன்.

நெய்வேலிக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போவதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்குப் பள்ளத்தைக் கண்டால் பயம் வராது. பிறந்ததிலிருந்து ஊருக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய பள்ளத்தைப் பார்த்தவர்கள். சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்ச் சுரங்கத்தைத்தான் காட்டுவார்கள். மலையில் மற்ற ஊர்க்காரர்கள் விளிம்பைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போவார்கள். இவர்கள் இரண்டடி முன்னால் போய் எட்டிப் பார்த்து, "நம்ம மைன்ஸ் அளவுக்கு இல்ல" என்பார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட் செட்டில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். அண்ணாச்சிதான் மூத்தவர். தெற்குச் சீமைக்காரர், இளவயதில் வேலைக்கு வந்து நெய்வேலியிலேயே தலை நரைத்தவர். பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. வேனில் ஏறியதிலிருந்து அவரே பேசிக்கொண்டு வந்தார். விருத்தாசலம் வரை தன் கல்யாணக் கதை, அதற்குப் பிறகு ஆடு வாங்கி ஏமாந்த கதை. வேறு யாராவது வாயைத் திறந்தால் அதற்கும் முன்கூட்டியே சிரித்துவைப்பார். நல்ல மனுஷன், வாய் ஓயாத மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

மலையில் இறங்கியதும் எல்லோரையும் நிற்கவைத்து வழக்கமான பேச்சைப் பேசினேன். பனி இறங்கினால் யாரும் நகரக் கூடாது. இருந்த இடத்தில் உட்கார வேண்டும். நான் விசில் ஊதுவேன். விசில் கேட்டால் குரல் கொடுக்க வேண்டும், நான் வந்து கையைப் பிடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாக ஆட்டியவர் அண்ணாச்சி. "சரிடே, சரிடே, நீ சொன்னா சரி" என்றார்.

அந்த விசிலைத்தான் இப்போது ஊதினேன்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார், விருத்தாசலம் பக்கத்துக்காரர், அண்ணாச்சியைச் சீண்டுவதே அவர் தொழில்.

"இன்னாங்க, அவரு எங்கனா கெழங்கப் புடுங்கிகினு இருப்பாரு. கொல்லைக்காரன் வந்து ரெண்டு போட்டா தானா வந்துருவாரு" என்றார்.

சிரித்தார்கள். மறுபடி ஊதினேன். பதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்தினார்கள். கத்தல் பனியில் ஏறி எங்கோ அமுங்கிப் போயிற்று. மூச்சு முட்டும்வரை ஊதினேன். அதற்குப் பிறகு கிரேன்காரரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம் வந்தால் உடம்பு நடுங்காது. கைகள் மட்டும் கனத்துப்போகும். மூணாறு பக்கம் வேலை செய்தபோது, வழுக்கி விழுந்த ஒருவரை ஜமுக்காளத்தில் கட்டி மேலே தூக்கியிருக்கிறோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். விசிலைப் பிடித்திருந்த கை அந்த ஜமுக்காளத்தின் நுனியைப் பிடித்ததுபோல் இருந்தது.

அப்போது அண்ணாச்சியின் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப் போனார்.

"தம்பி, அந்த விசிலை ஊதாதீங்க. அவுகளுக்கு விசில் கேக்காது."

"ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாருக்கா. கேக்கும்."

"பக்கத்துல நின்னு ஊதினாலும் கேக்காது." அவர் குரல் தாழ்ந்தது. "குக்கர் விசிலு கேக்காது, காலிங் பெல்லு கேக்காது, பேத்தி கூப்பிட்டாக் கேக்காது. லாரி உறுமினாக் கேக்கும், இடி இடிச்சாக் கேக்கும். மத்ததுக்கெல்லாம் வாயப் பாத்து, மூஞ்சியப் பாத்துச் சமாளிக்காவ. அவுக அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு."

"காலையில நான் அத்தன நேரம் பேசினப்ப சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சுத்தி நிக்கது பூரா அவுக செட்டு ஆளுங்கல்லா. காது போச்சுன்னு வெளிய தெரிஞ்சா பெல்ட்ட விட்டு எடுத்து ஏதாவது ஒரு மூலைல உக்கார வச்சிருவாங்கன்னு பயப்படுதாவ. ரிட்டயர் ஆகறவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ." அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. "எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க தம்பி."

எல்லோரையும் ஒரு பலா மரத்தைச் சுற்றி உட்காரவைத்தேன். பையிலிருந்த ஒரு கயிற்றை மரத்தோடு சுற்றி ஆளுக்கொரு இடத்தில் பிடிக்கச் சொன்னேன். ஒருவரும் கையை எடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கிரேன்காரரிடம் சொன்னேன். அவர் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். இன்னொரு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

எந்தப் பக்கம் போவது? விசிலும் கேட்காத, பெயரைக் கூப்பிட்டாலும் கேட்காத ஒரு ஆள், கண்ணும் தெரியாமல் போனால் எந்தப் பக்கம் நடப்பார்? நான் அசையாமல் நின்றேன். பின்னால் பெண்கள் பேசுவதைக் கழித்தேன், பூச்சிகளின் இரைச்சலைக் கழித்தேன், இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கழித்தேன். கழித்த பிறகு ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது. வலப்பக்கம், கீழேயிருந்து, விடாமல் ஓர் உறுமல்.

அருவி.

சுரங்கத்தில் வேலை செய்த யாருக்கும் அந்தச் சத்தம் புதிதல்ல. பெல்ட் ஓடும்போது அப்படித்தான் இருக்கும். மார்கழியில் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பள்ளத்துக்குள் பனி நிரம்பியிருக்கும். வழி தெரியாது. அப்போது பெல்ட் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். பெல்ட்டை ஒட்டி ரோடு போகும், ரோட்டில் ஜீப் வரும், ஆட்கள் இருப்பார்கள். சத்தம் இருக்கிற பக்கம் போனால் பத்திரம். சில மாதம் மண் வாரிய என் காலுக்கே அது பழகியிருந்தது. அண்ணாச்சி வாழ்நாள் முழுக்க அப்படி நடந்தவர்.

ஓடவில்லை. ஓட முடியாது. ஈரப்புல்லில் குந்தியபடி, கையால் தரையைத் தடவித் தடவி இறங்கினேன். புதர் முடிந்தது. புல் முடிந்தது. கை பாறையில் பட்டது. பாறை பாசி பிடித்து வழவழவென்று இருந்தது. அருவியின் சத்தம் இப்போது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. பனி ஒரு முறை விலகியது. பாறையின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாச்சி நின்றிருந்தார்.

நான் கத்தினேன். பழக்கம், கத்தாமல் இருக்க முடியவில்லை. அவர் திரும்பவில்லை. கீழே குனிந்து, இறங்க எங்கே வழி என்று தேடிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்துப் பார்த்தார். வழுக்கியது. காலை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பயமே இல்லை.

பின்னால் போய்த் தொடலாம். ஆனால் காது கேட்காதவரைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவார். திடுக்கிட்டு ஒரு அடி எடுத்துவைக்க அங்கே இடமில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்து அவர் பக்கவாட்டில் உருட்டிவிட்டேன். அது அவரைத் தாண்டிப் போய் விளிம்பில் மறைந்தது. விழுந்த சத்தம் எனக்கும் கேட்கவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

தோளிலிருந்த கயிறு நினைவுக்கு வந்தது. ஒரு நுனியை என் இடுப்பில் கட்டி, பாறை இடுக்கில் வளர்ந்திருந்த ஒரு மரத்தின் அடியில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். மறுநுனியைச் சுருட்டி அவர் வலப்பக்கமாக வீசினேன். காலில் சிக்கினால் விழுவார். பாம்பு என்று நினைத்தால் குதிப்பார். இரண்டும் வீசிய பிறகுதான் தோன்றியது.

கயிறு அவர் தோளை உரசி, வலக்கைக்குப் பக்கத்தில் பாறைமேல் விழுந்து கிடந்தது. அவர் அசையாமல் அதைப் பார்த்தார். பிறகு குனிந்தார். சாவகாசமாக, கை பழகிப்போன ஒரு வேலையைப்போல, கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

சுரங்கத்தில் பெல்ட்டின் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு ஓடும். ஏதாவது ஆபத்து என்றால் எந்த இடத்தில் நின்று இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். பெல்ட் ஆட்களுக்குப் பக்கத்தில் கயிறு தெரிந்தால் கை தானாகப் போகும். நான் அதை நினைத்து வீசவில்லை. அவர் இழுத்த வேகத்தில் என் இடுப்பு வெட்டியது. அவர் திரும்பினார். கயிற்றின் இந்த முனையில் என்னைப் பார்த்தார்.

கையைக் காட்டினேன். உட்காருங்கள் என்று காட்டினேன். உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, கயிற்றை விடாமல், பாறையைத் தேய்த்தபடி நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்து சேர்ந்தார். பனி மறுபடி விலகியபோது தான் நின்ற இடத்தையும் அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லாததையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெல்ட் மாதிரில்லா இருந்துச்சு" என்றார். "சத்தத்தப் பிடிச்சுப் போனா ரோடு வந்துரும்னு நெனச்சேன்."

பனி கலைந்து நாங்கள் மரத்தடிக்குப் போனதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன் அண்ணாச்சியே ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணுக்குப் போனேன். திரும்பிப் பாத்தா ஒரு பயலக் காணோம். நீங்கதான் தொலஞ்சு போனீங்க, நான் எங்க தொலஞ்சேன்?" சிரிப்பு கிளம்பியது. அவர் மனைவி சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் கால்சட்டையில் அப்பியிருந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினோம். கிரேன்காரர் அண்ணாச்சியைச் சீண்டிக்கொண்டிருந்தார். அந்த அக்கா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"போதும். அவுகளுக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாக் கேக்காது. இந்தத் தம்பி போகலன்னா இப்ப நீங்க யாரும் டீ குடிச்சிட்டு இருக்க மாட்டீங்க."

கிரேன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். சீண்டுகிற குரல் இல்லை.

"தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"எங்க எல்லாத்துக்கும் தெரியும்கா. பெல்ட்டு கெளம்பறதுக்கு முன்னாடி சைரன் அடிக்கும்ல, வெலகி நிக்கச் சொல்லி? அப்ப நான் அண்ணாச்சி தோள்ல ஒரு தட்டு தட்டுவேன். நான் இல்லன்னா செட்டுல வேற ஒருத்தரு தட்டுவாரு. எங்களுக்குத் தெரியுங்கறது அண்ணாச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு, தமாஷு பண்ற மாறி தட்டுவோம். அதான் இன்னிக்கி மலையிலகூட வாயத் தொறந்து சொல்லாம சேந்து கத்தினோம்."

"இன்னைக்கு ஏன் யாரும் தட்டல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க கூட இருக்கீங்கன்னு நெனச்சிகினோம்."

"நான் உங்க கூட இருக்காவன்னுல்லா நெனச்சேன்" என்றார் அக்கா.

மலையில் வந்த பயம் அந்தப் பாறையோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது மறுபடி வந்தது, முன்பைவிடப் பெரியதாக. தட்டுகிறவருக்கு ஒரு நாள் தும்மல் வரும். ஒரு நாள் லீவு போடுவார். நாலு பேரும் நாலு பேரையும் நம்பி நிற்கிற ஒரு நொடி வரும். பாறையில் கயிற்றோடு நான் இருந்தேன், பெல்ட் பக்கத்தில் அந்த நொடி யாரும் இருக்க மாட்டார்கள்.

அண்ணாச்சி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன பேசினோம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேனில் போய்ப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தார். நெய்வேலி ஆர்ச் வரும்வரை அன்றைக்கு முதன்முறையாக அவர் பேசவில்லை.

அவர்கள் பிளாக்கில் இறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னார். "நாளைக்கு அவுக ஷிஃப்டுக்குப் போகல. கடலூருக்குக் கூட்டிட்டுப் போயிக் காது டாக்டர்கிட்ட காட்டப் போறேன். நீங்களும் வரணும்."

"நான் எதுக்குக்கா?"

"என்னைய ஏமாத்திருவாவ. இத்தன வருசம் எல்லாரையும் ஏமாத்தியாச்சு. பாறைல நின்னதப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். உங்களைய ஏமாத்தக் கூசும்."

போனேன். பண்ருட்டி வழியாகப் போகிற பஸ்தான் கிடைத்தது. நெல்லிக்குப்பம் வருவதற்கு முன்பே சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாடை வந்துவிட்டது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. டிராக்டர் உறுமியபோது அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் அவர் காதருகில் நின்று விசில் ஊதியபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கடலூரில் அது ஒரு சின்ன கிளினிக். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு கூண்டு அறை. அதற்குள் அண்ணாச்சியை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார் அங்கிருந்த பெண். எழுதியும் காட்டினார். பிறகு வெளியே வந்து கருவிக்கு முன்னால் உட்கார்ந்து பித்தானை அழுத்தினார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். மறுபடி அழுத்தினார். மறுபடி தூக்கினார்.

"நல்லாத்தானே கேக்குது" என்றார் அந்தப் பெண்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தானை அழுத்தும்போது தோள் லேசாக இறங்கியது. தோள் இறங்கும்போதெல்லாம் கை ஏறியது.

நான் எழுந்து போய்க் கண்ணாடிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில், அண்ணாச்சியைப் பார்த்தபடி, அந்தப் பெண் அவர் கண்ணில் படாதபடி நின்றேன். அண்ணாச்சி இடப்பக்கம் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். வலப்பக்கம் சாய்ந்தார். நானும் அந்தப் பக்கம் நகர்ந்தேன். பாறை விளிம்பில் இல்லாத பயம் அப்போது அவர் முகத்தில் வந்தது. போய்விடு என்று கண்ணால் சொன்னார். பிறகு கெஞ்சினார். நான் அப்படியே நின்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் பித்தான் அழுந்துகிற சின்னச் சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.